முதலில் ஒரு டம்ளர் தண்ணீர்

அம்மா சமூகநலத் துறையில் இருபத்தெட்டு வருடம் களப்பணியாளர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்பார். யார் எழுகிறார்கள், எழும் முன் யார் முகத்தைப் பார்க்கிறார்கள், பிள்ளைகளுக்கு டம்ளர் இருக்கும் இடம் தெரிகிறதா என்று கவனித்தபடியே குடிப்பார். அந்த வீட்டின் பாதிக் கதை அதற்குள் வந்துவிடும். அலுவலகத்தில் அவருக்குத் "தாகம் மேடம்" என்று பெயர்.

ஒரு வீட்டில் கணவனே ஓடிப்போய்க் கொண்டுவந்தான். அம்மா குடித்துவிட்டு, "இன்னொரு டம்ளர் வேணும். இந்தத் தடவை அவங்க கொண்டுவரட்டும்" என்றார். உள்ளறையிலிருந்து வந்த மனைவியால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டு முறிந்து இரண்டு நாளாகியிருந்தது.

இந்த அம்மாவுக்குத்தான் போன வருடம் வேலை கற்றுக்கொடுத்தார்கள். பணியாளர் நலன், தொழிற்பயிற்சி, மூன்று நாள். தேறினால்தான் இனி களம். நலன் என்றால், மன அழுத்தத்தைப் பலூனில் ஊதி உடைப்பது. ஐம்பத்தாறு வயதில் அம்மாவும் ஊதினார். பயிற்சி என்றால் நாடகம். பயிற்றுநர் குடும்பத் தலைவராக உட்கார்ந்தார்; அம்மா அவர் வீட்டுக்குப் போகிறார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்களேன்."

"மேடம், போற வீட்டுல எதையும் வாங்கிக் குடிக்கக் கூடாது."

"யாரு கொண்டுவர்றாங்கன்னு பாக்கணும் சார்."

"அதுக்குத்தான் படிவம் இருக்கே."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "பாட்டில் வாங்கிக் குடுங்கப்பா, மேடத்துக்குத் தொண்டை காயுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு மதிப்பெண்; தேற ஐம்பது வேண்டும்.

நான் தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சோதிப்பவள். ஒரு மானியையும் தொட்டுப் பார்க்காதவனை எங்கள் சோதனைக் கூடத்தில் கதவருகே கூட விடமாட்டோம். அங்கே, ஒருநாளும் களப்பணி செய்யாத அந்தப் பயிற்றுநருக்கு மாலை போட்டார்கள்.

அம்மாவை மேசையில் உட்காரவைத்து, மற்றவர்களின் படிவங்களைக் கணினியில் ஏற்றச் சொன்னார்கள். 'வீட்டில் பிரச்சினை உண்டா?' இல்லை. இல்லை. இல்லை. "தண்ணி யாரு கொண்டுவந்தா?" என்று கேட்டால், "அந்தக் கட்டமே இல்லையே மேடம்" என்பார்கள். களத்துக்குத் திரும்ப மூன்று முறை மனு எழுதினார். பதில் வருவதற்குள் அந்த நாற்காலியிலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

எட்டாம் நாள் அதே பயிற்றுநர் பணியாளர் நலப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன்.

"வேண்டாம்மா, போற இடத்துல வாங்கறதில்ல."

அப்பா அதைக் காதில் வாங்காமல் எழுந்து சமையலறைக்குப் போனார். ஓர் அலமாரி திறந்து மூடிய சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு மறுபடியும் முதலாவது. முப்பத்திரண்டு வருடம் குடியிருந்த வீட்டில் டம்ளர் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து போய் எடுத்துக்கொடுக்க எனக்கும் தெரியாது.

பயிற்றுநர் தலை நிமிரவில்லை.

"வீட்டுல பிரச்சினை ஏதும் உண்டாம்மா?"

நான் வாயைத் திறக்கும் முன் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார்.