மங்கை அக்காவின் தோளில் இருந்த கை

போன ஆவணியில் என் அக்காவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. மண்டபத்தில்தான். இப்போது யாழ்ப்பாணத்தில் யார் வீட்டில் பந்தல் போடுகிறார்கள்? தாலி கட்டி முடிந்து சனம் சாப்பாட்டுக்கு எழும்புகிற நேரம், மணவறைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரையில் ஒரு படம் ஓடவிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கலியாணத்துக்கு ஒரு மாதம் முந்தியே கடற்கரைக்குப் போய் எடுத்த படம். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறார்கள். அவன் அவளைத் தூக்கிச் சுற்றுகிறான். பிறகு ஒரு முத்தம். அதை மெதுவாக்கி வேறு போட்டிருந்தார்கள். அந்த முத்தம் முடிவதற்குள் நான் ஒரு வடையைத் தின்று முடித்திருப்பேன்.

பயத்தில் உடனே அக்காவைத்தான் பார்த்தேன். பெண்ணின் தாய் அவர். அவர் கைதட்டிக்கொண்டிருந்தார். ஐயர்கூட ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தேங்காய்களைப் பைக்குள் அடுக்கப் போய்விட்டார். எல்லோரும் தட்டுகிறார்கள் என்று நானும் தட்டினேன். எனக்குச் சந்தோசமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது.

சாப்பாட்டு மேசையில் வெங்காயச் சலாது வைத்திருந்தார்கள். வினாகிரி கொஞ்சம் கூடிப்போயிருந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் மண்டபத்தில் இல்லை. எண்பத்தாறாம் ஆண்டு, தெல்லிப்பழையில், ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையில் நிற்கிறேன். படம் கழுவுகிற மருந்துத் தண்ணீருக்கும் அதே புளித்த மணம்தான். வீட்டுக்குப் போய் எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. சோறு தின்கிறபோது கறியை விட அது முந்திக்கொண்டு வரும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீட்டில் கஷ்டம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மை வேறு. சோதனை என்றால் எனக்கு வயிற்றால் போகும். கணக்குப் பாடத்து மாஸ்ரர் பெயர் கூப்பிட முன்னமே நான் வேலிப்பக்கம் ஓடிவிடுவேன். ஐயா கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தம்பையா அண்ணையின் ஸ்ரூடியோவில் சேர்த்துவிட்டார். இருட்டறை எனக்குப் பிடித்தது. உள்ளே நிற்கிறவனை ஒருவரும் பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்பதில்லை.

பத்தொன்பது வயதாகிறபோது எனக்கு ஒரு வேலை நன்றாகக் கைவந்திருந்தது. அந்த நாளில் கறுப்பு வெள்ளைப் படம்தானே. கலியாணப் பேச்சுக்கென்று பெண்பிள்ளைகள் படம் எடுக்க வருவார்கள். கூடவே தாய்மார் வருவார்கள். எடுத்து முடிந்ததும் தாய் மட்டும் திரும்பி வந்து மெல்லச் சொல்லுவார்: "தம்பி, சட்டைக் கழுத்துக் கொஞ்சம் இறங்கிப்போச்சுது." நான் நெகற்றிவ்வைக் கண்ணாடி மேசையில் வைத்து, கூர் சீவிய பென்சிலால் கழுத்தடியில் மெல்லிய கோடுகள் போடுவேன். பென்சில் பட்ட இடம் படத்தில் வெள்ளையாக வரும். வெள்ளைச் சட்டைக்குக் கழுத்து ஒரு விரற்கடை உயர்ந்துவிடும். வலிகாமத்தில் எத்தனையோ பிள்ளைகளின் சட்டைக் கழுத்தை அவர்களுக்கே தெரியாமல் உயர்த்தியவன் நான். அதில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற எனக்கு, வேறு எதில் பெருமை இருக்கப்போகிறது?

எல்லாவற்றையும் மறைக்கிற காலம்தான் அது. வாடகைக்கு ரி.வி.யும் வீடியோ டெக்கும் எடுத்து வீட்டு முற்றத்தில் படம் போடுவார்கள். கட்டிப்பிடிக்கிற இடம் வந்தால், டெக் கொண்டுவந்தவன் எழும்பித் திரைக்கு முன்னால் நின்று சாரத்தை உதறிக் கட்டுவான். அவன் கட்டி முடிய அங்கே பாட்டும் முடிந்திருக்கும். ஆனால் அதே காலத்தில் வேறு காற்றும் வீசியது. கொஞ்ச நாள் போக, காற்சட்டை போட்ட இயக்கத்துப் பெட்டைகள் துவக்கோடு சைக்கிளில் போனார்கள். அதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. மரியாதை பாதி, பயம் பாதி. அதே ஊரில், பாலர் பள்ளியில் படிப்பிக்கிற ஒரு பிள்ளை மேடையில் ஏறினால் மட்டும் எல்லோருக்கும் வாய் இருந்தது.

அந்தப் பிள்ளைதான் மங்கை அக்கா. என்னை விட நாலு வயது மூப்பு. எங்கள் வாசிகசாலையில் நாடகம் பழக்கிய மாஸ்ரர் ஒருவர் இருந்தார். ஆம்பிளைக்குச் சேலை கட்டி ஆடவிடுகிற காலம் முடிந்துவிட்டது, பெண்ணாக ஒரு பெண்தான் நிற்கவேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். மங்கை அக்கா ஓம் என்றார். செல்லடிக்குப் பயந்து பின்னேரம் நாலு மணிக்கே பள்ளிக்கூட மைதானத்தில் நாடகம் தொடங்கியது. ஆமி பிடித்துக்கொண்டு போன புருசன் ஒரு வருசத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருகிறான். அவள் மா இடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பின்னால் வந்து அவள் தோளில் கையை வைக்கிறான். அவளும் திரும்பவில்லை, உலக்கையை மட்டும் விட்டுவிடுகிறாள். அவ்வளவுதான். புருசனாக நின்றவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்த சிவனேசன். மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

தம்பையா அண்ணை அந்த இடத்தைத்தான் படம் பிடித்தார். தன் வாழ்நாளில் எடுத்த ஒரேயொரு நல்ல படம் என்று சொல்லி, பெரிதாக்கிச் சட்டம் போட்டு, ஸ்ரூடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டினார். மாட்டிவிட்டு, பருத்தித்துறையில் தமையனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குப் போய் மூன்று நாள் நின்றுவிட்டார்.

அவர் போன அன்றைக்கே மங்கை அக்காவின் தாய் வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்றே சொன்னார்.

"தம்பி, உந்தப் படத்தைக் கழட்டு அப்பன். மங்கைக்கு ஒரு பேச்சு வந்திருக்கு. மாப்பிள்ளையின்ரை சித்தப்பா உந்த ரோட்டாலைதான் விடியக் காலமை பால் கொண்டு போறவர்."

"முதலாளி இல்லை அம்மா. கேக்காமல் கழட்டினால் என்னைத் துரத்திப்போடுவார்."

"அப்ப உந்தக் கையை எண்டாலும் ஏதேன் செய்யன். போன மாதம் பேச்சுக்குக் குடுத்த படத்திலை அவளின்ரை கழுத்தை நீதானே உயர்த்தித் தந்தனீ?"

வேறு யாராவது என்றால் ஒன்றில் கழற்றியிருப்பார்கள், இல்லாவிட்டால் முடியாது என்றிருப்பார்கள். எனக்கு இரண்டும் பயம். முதலாளியும் ஏசக்கூடாது, அந்தத் தாயும் அழக்கூடாது, மாஸ்ரரும் கோபிக்கக்கூடாது. அதற்கு ஒரே வழி, படம் இருக்கவேண்டும், கை இருக்கக்கூடாது.

நெகற்றிவ்வை எடுத்து மேசையில் வைத்தேன். கழுத்து உயர்த்துவதற்குப் பென்சில் காணும். கையை எடுக்க அது காணாது, சுரண்டவேண்டும். சுரண்டின இடம் படத்தில் கறுப்பாக வரும் என்று எனக்குத் தெரியும். மங்கை அக்கா கட்டியிருந்தது கரும்பச்சைச் சேலை, சட்டையும் அதே நிறம். கறுப்போடு கறுப்பாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்படி என்று முதலே சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு சவர அலகால் சுரண்டினேன். நாலு விரலும் போய்விட்டன. பெருவிரலில் அலகு வழுக்கிக் கீழே இறங்கியது. அதைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். கழுவிப் பார்த்தபோது, சிவனேசனின் கை மணிக்கட்டு மட்டும் வந்து, அதற்கு அங்கால் ஒரு கறுப்பு. அந்தக் கறுப்பு தோளில் தொடங்கி நெஞ்சு வரைக்கும் இறங்கி நின்றது. மங்கின வெளிச்சத்தில் பார்த்தால் சேலை மடிப்புப் போல இருந்தது. அப்படித்தான் நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். பழைய படத்தைக் கழற்றிக் கிழித்துவிட்டுப் புதியதை மாட்டினேன்.

விடிய, சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. பால்காரச் சித்தப்பா சைக்கிளை நிற்பாட்டிவிட்டுக் கண்ணாடிக்குக் கிட்டப் போனார். சந்தைக்குப் போன இன்னொருவரும் நின்றார். நான் கதவுக்குப் பின்னால்.

"உவன்ரை கை எங்கை போயிருக்கு?"

"அழிச்சிருக்கிறாங்கள். காட்டேலாத இடமாக்கும்."

"முந்தநாள் தோளிலைதானே கிடந்தது, நான் கண்டனான்."

"விசர்க்கதை கதையாதை. தோளெண்டால் ஏன் அழிக்கிறான்?"

அதற்குச் சந்தைக்குப் போனவரும் தலையாட்டினார். ஓடிப்போய்க் கழற்றியிருக்கலாம். இப்போது கழற்றினால் உண்மை என்று நினைப்பார்களே என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மத்தியானத்துக்கிடையில் அரைவாசி ஊர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

தம்பையா அண்ணை வந்து நெகற்றிவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடிக்கவில்லை. "இருந்தபடி விட்டிருந்தால் ரெண்டு நாள் கதைச்சுப்போட்டு மறந்திருப்பாங்கள்" என்றார். பிறகு அதை உறைக்குள் போட்டு, மேசை லாச்சிக்குள் வைத்தார்.

கலியாணப் பேச்சுக் குழம்பி ஒரு கிழமைக்குப் பிறகு மங்கை அக்கா தனியே வந்தார். அழுதிருந்த முகமாகத் தெரியவில்லை.

"அதிலை அழிக்கிறதுக்கு என்ன கிடந்தது?"

"அம்மாதான் அக்கா சொன்னவ..."

"அம்மா சொல்லுவா. அம்மா நாடகம் பாக்கேல்லை. நீ முன்வரிசையிலை இருந்து பாத்தனீ."

நான் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினேன்.

"கலியாணம் குழம்பினது போகட்டும். அந்தாளை நான் கண்டதுமில்லை. அடுத்த மாதம் உரும்பிராயிலை மேடை. ஐயா இனிப் படலையைத் தாண்டாதை எண்டிட்டார். ஒருக்கால்தான் நிண்டனான், தெரியுமோ? ஒரேயொருக்கால்."

உரும்பிராய்க்கு நான் போனேன். போகாமல் இருக்கப் பயமாக இருந்தது. மங்கை அக்காவின் இடத்தில் சைக்கிள் திருத்துகிற வேலாயுதம் சேலை கட்டி நின்றான். மீசை எடுக்கமாட்டேன் என்று இரண்டு நாள் சண்டை பிடித்தவன், கடைசியில் எடுத்திருந்தான். சிவனேசன் பின்னால் வந்து தோளில் கையை வைத்தார். இந்த முறை அதோடு நிற்கவில்லை, இறுக்கிக் கட்டிப்பிடித்தும் அழுதார். சனமும் அழுதது. எனக்குப் பக்கத்தில் இருந்த மனிசி மூக்கைச் சிந்திவிட்டு, "அசல் புருசன் பெண்சாதி மாதிரியே இருக்கு" என்றார். ஒருவருக்கும் அந்தக் கை உறுத்தவில்லை. மாஸ்ரர் மேடைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் நாடகம் போட்டதாக நான் அறியவில்லை.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்க, தெல்லிப்பழையை விட்டு எல்லோரும் ஓடினோம். ஸ்ரூடியோவைப் பூட்டிவிட்டு, நான் வழக்கம்போல மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். பல வருசம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கதவும் இல்லை, சுவரும் இல்லை. நாயுருவி வளர்ந்து கிடந்தது.

மங்கை அக்காவைக் கடைசியாகக் கண்டது தொண்ணூற்றைந்தில். வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குள் நெருக்குப்பட்டுக் கிடந்த ஐப்பசி, கார்த்திகை மழை. ஒரு பள்ளிக்கூடக் கிணற்றடியில் தண்ணீருக்கு வரிசை. எனக்கு முன்னால் வாளியோடு நின்றவர் திரும்பிப் பார்த்தார். முன்தலை நரைத்திருந்தது. கலியாணம் கட்டவில்லை. பக்கத்து வகுப்பறையில் தாயோடு இருப்பதாகச் சொன்னார்.

"அந்த நெகற்றிவ் ஏதும் கிடக்கோ?"

"இல்லை அக்கா. எல்லாம் அங்கையே போச்சுது. கிடந்தாலும்..."

"ஓம். நீ சுரண்டினதுதானே." கோபமாகச் சொல்லவில்லை. "மேடையிலை நிக்கிறவைக்குத் தாங்கள் எப்பிடி நிக்கினம் எண்டு தெரியாதெல்லோ. அதுதான் கேட்டனான். மாஸ்ரரும் செத்துப்போனார். நீ பாத்தனீதானே. நான் எப்பிடி நிண்டனான்?"

நான் யோசித்தேன். மைதானம் நினைவில் வந்தது. சிவனேசனின் கை வந்தது. அதன் நரம்பு, பெருவிரல் நகம், மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் நூல் எல்லாம் வந்தன. ஒரு நாள் முழுக்கக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்த கை அல்லவா? ஆனால் அதற்கு முன்னால் நின்றவரின் முகம் வரவில்லை. எப்படி நின்றார், கண்ணை மூடியிருந்தாரா, உலக்கையை எந்தக் கையால் விட்டார், ஒன்றும் வரவில்லை.

"நல்லா நிண்டனீங்கள் அக்கா."

நான் இன்னும் ஏதாவது சொல்லுவேன் என்று அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னுக்கு நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி, நிரப்பிக்கொண்டு போனார். அடுத்த நாள் அந்த வகுப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். வேறு குடும்பம் இருந்தது.