மதிலைத் தாண்டிய கேபிள்

2003-இல் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அறிவுச்செல்வி வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும், அடுத்த வீட்டு சைதூனிடம் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன. டைப்ரைட்டிங் வகுப்பில் தொடங்கிய சிநேகிதம். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள் என்று வரும் வேலையைப் பங்கு போட்டு அடிப்பார்கள். பிரிண்டர் அறிவுச்செல்வியிடம். சைதூன் அடித்ததெல்லாம் பிளாப்பியில் ஏறி, மதில் மேலாகக் கைமாறி வரும்.

அந்த ஆண்டு மாதா கோயில் திருவிழா மலர் வேலை வந்தது. அறுபது பக்கம், பக்கத்துக்குப் பக்கம் போட்டோ. பாதிப் படங்கள் பிளாப்பியில் அடங்கவில்லை, அடங்கியவை திறக்கவில்லை. ஒரே படத்தை அறிவுச்செல்வி நாலாவது தடவை கேட்டபோது சைதூன் சிரித்துவிட்டாள்.

"அக்கா, பேசாம கம்ப்யூட்டரையே தூக்கிட்டு வந்துரவா?"

"வேணாம். நடுவுல ஒரு ஒயர இழுத்துருவோம்."

பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் அந்த யோசனை அறிவுச்செல்வியை விடவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கேபிளுக்குள் வரும் கம்பிகளின் நிற வரிசையை நோட்டில் எழுதிக்கொண்டாள். கம்ப்யூட்டர்க் கடை சுருளிவேலிடம் கேபிளும் மாட்டும் முனைகளும் வாங்கினாள்.

"அடுத்த வாரம் நானே வந்து போட்டுத் தாரேம்மா."

"அதுக்குள்ள திருவிழாவே முடிஞ்சிரும்ணே. முனைய அமுக்குற டூல மட்டும் குடுங்க, வேல முடிஞ்சதும் கொண்டாந்துர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேலை தொடங்கியது. உறையை உரித்தால், ஜோடி ஜோடியாக முறுக்கிய எட்டுக் கம்பிகள். சைதூன் நோட்டைப் பார்த்து நிறம் நிறமாக வாசிக்க, அறிவுச்செல்வி அவற்றை நீவி வரிசைப்படுத்தினாள். முனைக்குள் நுழைக்கும்போது ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். மூன்று முனைகள் வீணாயின. ஒருவழியாக இரண்டு பக்கமும் முடித்து, மதில் மேலாக இழுத்து மாட்டினார்கள்.

கம்ப்யூட்டரின் பின்னால், கேபிள் மாட்டும் இடத்தில் இருக்கும் சின்ன விளக்கு எரியவில்லை.

அறிவுச்செல்வி நோட்டை மறுபடி எடுத்தாள். புரியாமலே எழுதி வைத்திருந்த கடைசி வரி கண்ணில் பட்டது: இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைத்தால், ஒரு முனையில் மட்டும் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாற வேண்டும்.

"அடியே சைதூன்! நான் பேசுறது ஒன் காதுக்குல்ல வரணும்? நாம ரெண்டு வாயையும் சேத்துக் கட்டி வச்சிருக்கோம்!"

ஒரு முனையை வெட்டி, நிறம் மாற்றி, புதிதாகப் போட்டாள். சைதூன் தன் வீட்டுக்கு ஓடினாள். அங்கிருந்து கத்தல் வந்தது.

"பச்சை எரியுதுக்கா!"

செட்டிங்ஸில் செத்த நேரம் மல்லுக்கட்டிய பிறகு, சைதூனின் போல்டர் அறிவுச்செல்வியின் திரையில் திறந்தது. தேர்ப்பவனிப் படம் சில நொடிகளில் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு சின்னக் கடிதமும்: 'சேமியா பாயாசம் ரெடி. இத ஒயர்ல அனுப்ப முடியாது, நேர்ல வாங்க.'

மலர் திருவிழாவுக்கு முன்பே அச்சேறியது. டூலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அறிவுச்செல்வி வெட்டிப்போட்ட முனையையும் காட்டினாள். சுருளிவேல் அதை இழுத்துப் பார்த்தார். கழன்று வரவில்லை.

"கன்னிவாடிப் பள்ளிக்கூடத்துல பதினஞ்சு கம்ப்யூட்டர் மாட்டணும். எனக்கு ஆளில்ல. வாரியளாம்மா?"

இருவரும் போனார்கள். பஸ்ஸில் சைதூன் மடியில் கேபிள் பெட்டி. கண்டக்டர் "உள்ள என்னம்மா?" என்று கேட்டுவிட்டார். கன்னிவாடி வரும்வரை அறிவுச்செல்வி அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தாள்.