கைக்குப் பஞ்சர்

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற "சொலூஷன்" நெடி, மூக்கில் சுள்ளென்று ஏறித் தொண்டைக்குள் லேசான இனிப்பாக இறங்கும். பலருக்கு அது தலைவலி. எனக்கு அது அம்மாவின் வாசனை. மார்கழி பிறந்து மாசி முடிகிற வரை அம்மாவின் கையில் அதுதான் அடிக்கும்.

நைனார்பாளையத்துப் பக்கம் அது மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் பருவம். லாரி லாரியாகக் கிழங்கு ஜவ்வரிசி மில்லுக்குப் போகும். அங்கே கொட்டகையில் வரிசையாகக் குந்திக்கொண்டு தோல் உரிக்கிற பெண்களில் அம்மாவும் ஒருத்தி. அப்பா இறந்தபிறகு எங்கள் அடுப்பு எரிந்தது அந்த வேலையால்தான். ஈரமும் மண்ணும் ஒருபுறம், கிழங்கிலிருந்து வடிகிற பால் ஒருபுறம். அது கையில் காய்ந்து தோலை இழுத்துப் பிடிக்கும். போதாததற்கு விடியற்காலையில் கல்வராயன் மலைப் பக்கமிருந்து வருகிற வாடைக்காற்று. பருவம் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே விரல் மடிப்பெல்லாம் வெடித்து, உள்ளே சிவப்பு தெரியும். காரக்குழம்பில் கை வைக்க முடியாமல் வெறும் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்துகொள்வாள். எனக்குத் தலை பின்னிவிட மாட்டாள்; முடி வெடிப்பில் சிக்கி இழுத்தால் அவளுக்கு உயிர் போகும்.

வேப்பெண்ணெய் போட்டாள். தேங்காயெண்ணெயில் மெழுகுவத்தியை உருக்கித் தடவினாள். மறுநாள் தண்ணீரில் கை வைத்ததும் எல்லாம் போயிற்று. கடைசியில் கிழங்கு உரிக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் சைக்கிள் கடைதான் கதி என்றாயிற்று. தீரப்போகிற சொலூஷன் டியூப்களைக் கடைக்காரர் எடுத்து வைத்திருந்து தருவார். அதை நசுக்கி வெடிப்பில் ஒரு சொட்டு விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஊதி ஊதிக் காயவைத்தால் வெடிப்பு வாயை மூடிக்கொள்ளும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "பஞ்சர் ஒட்டுறது". காலையில் பார்த்துக்கொண்டால், "இன்னாடி, உனுக்கு இன்னிக்கு எத்தினி பஞ்சர்?" என்றுதான் விசாரிப்பார்கள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், கச்சிராயபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, தை மாதத்தில் ஆண் குழந்தை பெற்றாள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது தாயைப் பெற்றவளின் உரிமை. அம்மா அந்த ஒன்றுக்காக மாசக்கணக்காகக் காத்திருந்தாள். அதுவரையாவது மில்லுக்குப் போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்ல? பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் கருவாடும் அந்தக் கை வெடித்த பிறகுதான் வீட்டுக்கு வந்தன.

முதல் நாள் குளிப்பாட்டியபோது வெடிப்பின் ஓரங்கள் உரசி, குழந்தை வீறிட்டது. அம்மா பயந்துபோனாள். அடுத்த நாள், வெடிப்பு அடைபட்டால் கை வழவழப்பாகிவிடும் என்று நினைத்து, ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வெந்நீர் பட்டதும் ஒட்டுகள் ஓரம் கிளம்பி விறைத்துக்கொண்டன. அவள் எத்தனை மெதுவாகத் தடவினாளோ அத்தனை கோடுகள் அந்தப் பிஞ்சு முதுகில் சிவப்பாக எழும்பின.

இரண்டு நாள் கழித்து அக்காவின் மாமியார் பேரனைப் பார்க்க வந்தார். குழந்தையைத் திருப்பிப் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா சம்மந்தி, புள்ள முதுவுல கோடு கோடா இருக்குது? பூனை கீனை பூந்துச்சா?"

அம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மஞ்சளும் கறுப்புமாகத் தோல் உரிவதுபோல் ஒட்டுகள் தொங்கின. மாமியார் குழந்தையை வாரி மாரோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

"இன்னா சீக்கு இது? ஒட்டுவாரொட்டியா இருந்தா புள்ள இன்னாத்துக்கு ஆவும்?"

"சீக்கு இல்லீங்க. கெழங்கு உரிக்கிற கைங்க. பஞ்சர் ஒட்டிக்கினு வேல செய்யறோம், அவ்ளோதாங்க," என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். கொட்டகையில் எல்லோரும் சிரிக்கிற பேச்சு அது. எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"கைக்கு இன்னா பஞ்சரு?" என்றார் மாமியார்.

மூன்றாம் மாதம் போகவேண்டிய அக்காவும் குழந்தையும் அந்த வாரமே போனார்கள். பஸ் வந்து நின்றபோது அக்கா அழுதுகொண்டே, "ஒருதபா தூக்கிக் குடும்மா," என்று குழந்தையை நீட்டினாள். அம்மா கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "வாணாம்மா. ஆயா கை முள்ளு. புள்ளைக்கு உறுத்தும்," என்றாள்.

அதோடு முடிந்தது. மாமியார் ஒன்றும் கல்மனசுக்காரர் இல்லை. அக்கா விளக்கிச் சொல்லி, மறு வருஷம் அவரே, "தூக்குங்க சம்மந்தி, உங்க பேரன்தானே," என்று வருந்திக் கேட்டார். அம்மா தூக்கவில்லை. அவன் தவழ்ந்து வந்தாலும் முந்தானைக்குள் கை போய்விடும். தூரத்தில் உட்கார்ந்தே கொஞ்சுவாள்.

இப்போது மில்லில் கிழங்கை மெஷின் உரிக்கிறது. அந்தக் கொட்டகை இல்லை, கையில் பஞ்சர் ஒட்டுகிற பெண்களும் இல்லை. அந்தப் பேச்சைச் சொன்னால் என் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. வேலை நின்று வருஷங்களானதில் அம்மாவின் கை மெத்தென்று ஆகிவிட்டது. தொட்டுப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

போன பொங்கலுக்கு அக்கா மகன் பைக்கில் வந்து இறங்கினான். சென்னையில் வேலை, ஆறடி உயரம். கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதல்முறையாக இரண்டு கையையும் அவனை நோக்கி நீட்டினாள். அவன் ஒரு நிமிஷம் விழித்தான். பிறகு, ஆயா ஏதோ கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, வாங்கி வந்திருந்த பிஸ்கட் பொட்டலத்தை அந்தக் கையில் வைத்தான்.