இன்னொரு பார்ட்டி

திருச்சியில் ரோசம்மாள் பிடித்திருப்பதாகச் சொல்லாத வீடு கிடையாது. தில்லைநகரில் சொல்லியிருக்கிறாள், கருமண்டபத்தில் சொல்லியிருக்கிறாள், மழை பெய்தால் கட்டில் மிதக்கும் ஒரு வீட்டில்கூடக் கூசாமல் சொல்லியிருக்கிறாள். சொல்ல வைத்தது அவள் புருஷன் பாக்கியநாதன், வீட்டு புரோக்கர். வாங்க வந்தவர், வீட்டில் கலந்துபேசிவிட்டுச் சொல்கிறேன் என்று நழுவப் பார்க்கும் நேரத்தில், குடையும் கைப்பையுமாக ரோசம்மாள் உள்ளே வருவாள். அவள்தான் இன்னொரு பார்ட்டி. சுவரைத் தட்டுவாள், குழாயைத் திறந்து மூடுவாள், "எங்களுக்குப் புடிச்சிருக்கு, நாளைக்கே அட்வான்ஸ் தரோம்" என்பாள். நழுவ இருந்தவர் அங்கேயே பர்ஸைத் திறந்துவிடுவார். திரும்பும் வழியில் அவளுக்கு ஒரு நன்னாரி சர்பத். அவ்வளவுதான் சம்பளம்.

ஸ்ரீரங்கத்து வீடுகளில் அவள் பெயர் ஆனந்தவள்ளி. தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி, அதன் கண்ணாடியில் பார்த்துப் பெரிய பொட்டாக ஒட்டிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை மாதாவிடம் அதற்குத் தனியாக மன்னிப்பும் கேட்டுக்கொள்வாள்.

ஊருக்கெல்லாம் வீடு முடித்துக் கொடுத்த மனுஷன் குடியிருந்தது பாலக்கரையில், வாடகைக்கு. துறையூர் ரோட்டில் ஒரு மனை சும்மா கிடந்தது. அதை விற்று ஒரு வீடு வாங்கலாமே என்றால், இன்னும் ரேட் ஏறட்டும் என்பார். கல்யாணமான நாளிலிருந்து அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டுக்காரர் திடீரென்று மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் பாதி சோப்போடு நிற்பது ரோசம்மாள்தான். பாக்கியநாதனுக்கு என்ன, விடியுமுன் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

போன ஆவணியில் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. வீட்டுக்காரர் சந்திரம்மாள், ரிட்டயர்டு டீச்சர், பெங்களூரில் மகளோடு போய் இருக்கப் போகிறவர். வாங்க வந்தவர் பீமராவ், பேங்க் அதிகாரி. வந்து வந்து பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டிருந்தார்.

வழக்கம்போல ரோசம்மாள் நுழைந்தாள். சுவரைத் தட்டக் கையைத் தூக்கினாள், தட்ட மனசு வரவில்லை. கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி வாடி நின்றது. பக்கத்து வாளியிலிருந்து அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். அடுக்களைக்கு வந்தால் ஜன்னலில் காவேரிக் காற்று. மிளகாய்ப்பொடி டப்பாவை எந்தத் தட்டில் வைக்கலாம் என்று மனசு தானாகவே அடுக்க ஆரம்பித்துவிட்டது. இத்தனை வீடு பார்த்தவளுக்கு முதல் தடவையாக ஒரு வீடு நிஜமாகவே பிடித்துவிட்டது. இந்த வீடு வேறு யாருக்காவது போய்விட்டால் அவளால் தாங்க முடியாது.

பாக்கியநாதன் கண்ணைக் காட்டினார். பீமராவின் கை சட்டைப்பைக்குப் போனது.

"எங்களுக்குப் புடிச்சிருக்கு," என்றாள் ரோசம்மாள். "நாளைக்கு எதுக்குங்க? இப்பவே அட்வான்ஸ் தரேன்."

சொன்ன கையோடு ஒரு தங்க வளையலைக் கழற்றி சந்திரம்மாள் உள்ளங்கையில் வைத்தாள். அவரும் வாங்கிக்கொண்டு, கை நீட்டி வாங்கியாச்சு, இனி வேறு பேச்சில்லை என்று சொல்லிவிட்டார். பீமராவ் புரோக்கரை முறைத்தார். பாக்கியநாதன் பாவம், என்ன சொல்வார்? அது என் பெண்டாட்டி, சும்மா நடிக்கிறாள் என்றா? அம்மா முந்திக்கிட்டாங்க சார் என்றார்.

காவேரிப் பாலம் நெடுக அவளைத் திட்டிக்கொண்டே வந்தார். சர்பத் கடையில் வண்டி நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்காமல், தலையோடு குளிக்கப் போனார். சோப்புப் போட்டு முடித்த நேரம் பார்த்து மோட்டார் நின்றது.

கண்ணைத் திறக்க முடியாமல் கத்தியவருக்கு ரோசம்மாள் துண்டை நீட்டினாள். "அந்த மனையை யாரோ கேட்டாங்கன்னு சொன்னீங்களே?" என்றாள்.

மனை விற்றது. பீமராவுக்குத் திருவானைக்காவலில் வேறு வீடு முடிந்தது. அதற்கு இன்னொரு பார்ட்டி வரவில்லை.

பத்திரம் எழுதுபவர் 'பாக்கியநாதன் மனைவி ரோசம்மாள்' என்று உரக்கப் படித்தபோது இருவருக்கும் வியர்த்துவிட்டது. சந்திரம்மாள் சிரித்தார். அன்றைக்கே தெரியும் என்றார். மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, முனையில் ஒரு அம்மாள் ஸ்கூட்டர் கண்ணாடியில் பொட்டு ஒட்டுவதையும், புரோக்கர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தாராம்.

"வந்தவங்க எல்லாரும் சுவத்தைத் தட்டுனாங்க," என்றார் சந்திரம்மாள். "செடிக்குத் தண்ணி ஊத்துனது நீங்க ஒருத்தர்தான். அதான் வளையலை வாங்கிக்கிட்டேன்."

வளையலைத் திரும்ப அவள் கையிலேயே மாட்டிவிட்டார். ரோசம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை நடிப்பில்லை.

பிறகு சந்திரம்மாள் கைப்பையைத் திறந்துகொண்டு, புரோக்கருக்கு என்ன தரவேண்டும் என்று கேட்டார். பாக்கியநாதன் தொண்டையைச் செருமினார்.

"அவருக்கு ஒரு நன்னாரி சர்பத்துங்க," என்றாள் ரோசம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்க வீட்டுல அதான் வழக்கம்."