சாம்பல் நிறக் கட்டம்

அன்று இறால் பண்ணைக் கந்தோரில் இருந்தவர்கள் நால்வர்: முதலாளி ஹாஜியார், அவருடைய மருமகன், கொழும்பிலிருந்து வந்த கணினிக்காரர், நான். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான் மட்டும்தான். அதை வந்தவர் உட்காருவதற்கு முன்பே ஹாஜியார் சொல்லிவிட்டார்.

குளங்களில் இறக்கியிருந்த கருவிகள் தண்ணீரின் உப்பையும் ஒட்சிசனையும் அளந்து மணிக்கொரு தரம் கணினிக்கு அனுப்பும். கணினி அவற்றைத் தொகுத்து, இறால் வாங்கும் கம்பனிக்கு அனுப்பும். ஒரு நாள் விடுபட்டாலும் விலை குறையும். அந்த ஓட்டத்தைக் காவல் காக்கத்தான் இந்தப் புதுத் திரை, அதைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. வேலை நடந்தால் திரையிலுள்ள கட்டம் பச்சை. நின்றால் சிவப்பு, உடனே ஹாஜியாரின் போன் கத்தும். கணினிக்காரர் பாதி ஆங்கிலத்தில் பத்து நிமிடம் விளக்கிவிட்டு, விளங்கியதா என்று கேட்டார். விளங்கவில்லை. ஓம் என்றேன்.

முதல் வெள்ளிக்கிழமையே கரண்ட் போய், ஜும்ஆத் தொழுகைக்கு முந்திய குத்பாப் பிரசங்கத்தின் நடுவில் போன் கத்தியது. பள்ளிவாசலிலிருந்து நேரே என் மேசைக்கு வந்தார் ஹாஜியார்.

"ஊரே என்னத் திரும்பிப் பாத்திச்சு. இனி ஒரு ஜும்ஆவில இது கத்திச்செண்டா நீ வீட்டில இரி புள்ள."

அடுத்த வெள்ளி பதினொன்றரைக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். ஆண்கள் பள்ளிக்குப் போனதும் போனைக் கத்தவைக்கும் அலாரத்தைத் திரையில் நிறுத்தினேன். கட்டம் சாம்பல் நிறமானது. தொழுகை முடிந்தால் தானாகத் திரும்பும் என்று நினைத்தேன். போனவர்கள் திரும்பி வந்தார்களே.

சனிக்கிழமை கருவிகள் அனுப்புவது நின்றது. போன் கத்தவில்லை. நான் பத்து நிமிடத்துக்கொருமுறை திரையைப் பார்த்து, சாம்பல்தான், சிவப்பு இல்லை என்று மூச்சுவிட்டேன். திங்கள் கம்பனி கூப்பிட்டது: இரண்டு நாள் கணக்கு இல்லை, விலையில் வெட்டு.

நிறுத்திய அலாரத்தைக் கையால்தான் திரும்பப் போட வேண்டும், அன்றே சொன்னேன் என்றார் கணினிக்காரர் போனில். சொல்லியிருப்பார், அந்தப் பாதி ஆங்கிலத்தில்.

"ஸ்கிரீனையும் தொழ அனுப்பிட்டாவே ராத்தா," என்று மருமகன் என்னைக் காட்டிச் சிரித்தான்.

"கத்தினாலும் நான் வீட்டுக்கு, கத்தாட்டியும் நான் வீட்டுக்கா ஹாஜியார்?"

"இந்த மாசச் சம்பளத்த மறந்திட்டுப் போ," என்றார் அவர்.

போனேன். மறக்கவில்லை. பாலாவிச் சந்தியில் கண்டால் வாகனக் கண்ணாடியை இறக்கி ஸலாம் சொல்கிறார். பதில் சொல்வது கடமை, சொல்கிறேன். அந்த மாதச் சம்பளம் இருபத்தெட்டாயிரம் ரூபாய் இன்னும் தரவில்லை.