எட்டுமணி அக்காவின் கை

கடையில் அவளுக்கு எட்டுமணி அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பட்டம் சூட்டியவள் பில் போடும் பெண். காலை ஒன்பதுக்குக் கையில் அத்தர் வைத்தால் மாலை ஐந்து வரை, முழுசாக எட்டு மணி நேரம், வானமே இடிந்து விழுந்தாலும் அந்தக் கையில் தண்ணீர் பட விடமாட்டாள். பதினாலு வருஷமாக அதுதான் அவள் வேலை.

கேட்கச் சுலபமான வேலை, செய்யத்தான் பொறுமை வேண்டும். முதலாளி பின்னறையில் சந்தனம், ரோஜா, கஸ்தூரி என்று எதையோ எதனோடோ கலந்து, குப்பிகளில் எண் போட்டுக் கொண்டுவந்து வைப்பார். இவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கைக்கு நாலு இடம் பிரித்து, பக்கத்தில் பேனாவால் எண் எழுதி, கண்ணாடிக் குச்சியால் ஒவ்வொரு பொட்டு வைப்பாள். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மேலாக நிற்கும் வாசனை முதலில் செத்துவிடும். பத்து நிமிஷத்தில், ஒரு மணியில், நாலு மணியில், எட்டு மணியில் என்று மோந்து பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இத்தனை மணி நேரம் நிற்கும் என்று அவள் எழுதுவதைத்தான் குப்பியின் லேபிளில் அச்சடிப்பார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் கடைக்கு ஆள் வந்தது. காகிதத் துண்டில் தொட்டு நீட்டும் கடைகளை முதலாளி ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. "தாளுக்கு வேர்க்குமா? தாளு வெயில்ல நடக்குமா?" என்பார்.

ஐம்பத்தோராவது வயதில் அந்தக் கையே அவள் காலை வாரியது. மாதவிலக்கு நின்ற வருஷம் அது. தோல் வறண்டு, நகத்தால் கீறினால் சிலேட்டில் எழுதினதுபோல் வெள்ளைக் கோடு விழுந்தது. வைத்த வாசனை நிற்கவில்லை. கலவையில்தான் கோளாறு என்று முதலில் முதலாளியை மனசுக்குள் திட்டினாள். பிறகு ஒருநாள், பத்து வருஷமாக அவளுக்குப் பழகின சந்தனக் கலவை மூன்றாம் மணியிலேயே காணாமல் போனது. எட்டு மணி நேரம் அசையாமல் நிற்கிற சரக்கு அது. கோளாறு கலவையில் இல்லை, தன் கையில்தான் என்று புரிந்ததும் பயம் பிடித்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவளுக்குக் கையில் கரப்பான் புண் வந்தது. முதலாளி மரியாதையாகத்தான் பேசினார், உட்காரவைத்துத்தான் பேசினார், ஆனாலும் அனுப்பிவிட்டார். "கைதானேம்மா இந்த வேலைக்கு" என்று அன்று அவர் சொன்னதை அடுத்த அறையில் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே கேட்டவள் இவள். அந்த வார்த்தை இப்போது எழுந்தால், உட்கார்ந்தால் காதில் விழுந்தது. போய் முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று நாலு தரம் பின்னறை வாசல் வரை போனாள். நாலு தரமும் குப்பி கேட்க வந்ததுபோல் ஒரு குப்பியை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

வீட்டில் தங்கை இருந்தாள். முப்பத்தெட்டு வயது. புருஷனோடு ஒத்துவராமல் வந்து, முன்னறையில் தையல் மெஷின் போட்டுக்கொண்டவள். அவளுக்கு எண்ணெய் வழிகிற தோல். முகம் துடைத்த கைக்குட்டையைப் பிழிந்தால் ஒரு விளக்கு எரிக்கலாம் என்று அக்காவே கேலி செய்ததுண்டு. அந்தக் கேலிதான் அவளுக்கு யோசனையாகத் திரும்பி வந்தது. காலை ஆறு மணிக்கு, முந்தின நாள் கடையிலிருந்து எடுத்துவந்த குப்பிகளோடு போய்த் தங்கை முன்னால் உட்கார்ந்தாள்.

"கைய நீட்டு. மத்தியானம் ஒரு மணிக்கு நான் சாப்பிட வர்ற வரைக்கும் தண்ணி படக்கூடாது."

"அப்ப பாத்திரம் யாரு கழுவுறது?"

"நான் கழுவுறேன்."

"துணி?"

"அதுவும் நான்தான்."

"வீடு தொடைக்கிறது?"

"என்னடி, பேரம் பேசுறியா?"

"கேட்டு வச்சுக்கறேன்க்கா. நாளைக்கு நீ மாத்திப் பேசக்கூடாதுல்ல," என்று தங்கை மற்றக் கையையும் நீட்டினாள்.

ஆறு மாதம் அப்படி ஓடியது. தங்கையின் கை ஒரு அதிசயம். எதை வைத்தாலும் பிடித்து வைத்துக்கொண்டது. கூப்பிட்டால் வந்து, வந்த வழியே போய்விடும் ஆரஞ்சு வாசனைகூட அவளிடம் மதியம் வரை விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. மதியம் அவ்வளவு இருந்தால் மேற்கொண்டு ஒரு மணி நேரம் இருக்காதா என்று அக்கா தாராளமாகக் கூட்டி எழுதினாள். கடையில் தன் கையிலும் ஒப்புக்குப் பொட்டு வைத்து, ஒப்புக்கு மோந்து, ஒப்புக்குத் தலையாட்டினாள். முதலாளிக்கு அவள் கையை மோந்து பார்க்கும் வழக்கம் கிடையாது, அது மரியாதையும் இல்லை. நோட்டைத்தான் பார்ப்பார்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கோ நாற்காலியிலேயே பயம். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து குப்பிகளைத் துடைப்பாள், துடைத்ததையே மறுபடி துடைப்பாள். யாராவது பக்கத்தில் வந்தால் ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வாள். வீட்டுக்குப் போனால் மலையாகப் பாத்திரம். "சாப்பிட்டது ரெண்டு பேரு, கழுவுறது ஒரு ஊருக்கா?" என்று கத்துவாள். கத்திக்கொண்டே கழுவுவாள். சோப்பும் தண்ணீரும் பட்டுப் பட்டு அவள் கை இன்னும் வறண்டது.

வாசனை நிற்கவில்லை என்ற புகாரோடு அந்த மாதம் மூன்றாவது ஆளாக நூலகத்து அம்மா வந்தாள். நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலை, ஐம்பத்தைந்து வயதிருக்கும், சத்தமாகப் பேசத் தெரியாதவள். முதல் இருவரையும் "ஒவ்வொருத்தர் தோலு ஒவ்வொரு மாதிரிங்க" என்று பில் போடும் பெண்ணே சமாளித்து அனுப்பியிருந்தாள். இவளிடம் அது பலிக்கவில்லை.

"ஏழு மணி நேரம்னு போட்டிருக்கு. காலையில ஒம்பதுக்கு வச்சா எனக்குப் பதினோரு மணிக்கெல்லாம் ஒண்ணுமே இல்ல. மொதல்ல என் மூக்குதான் சரியில்லைன்னு நெனச்சேன்," என்று குப்பியை மேஜை மேல் வைத்தாள். "பக்கத்து சீட்டுக்காரங்களக் கேட்டேன். அவங்களும் இல்லைன்னுட்டாங்க."

முதலாளி பின்னறையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். நோட்டைப் புரட்டினார். எட்டுமணி அக்காவின் எழுத்தில் ஏழு மணி என்று இருந்தது.

"உன் கையில ஏழு மணி நேரம் நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க."

"அப்ப ஒண்ணு செய்வோம். இவங்க கையில ஒரு பொட்டு, உன் கையில ஒரு பொட்டு. ரெண்டு பேரும் இங்கயே உக்காருங்க. அம்மாவுக்கு அவசரமில்லையே?"

"இன்னைக்கு எனக்கு லீவுதாங்க," என்றாள் நூலகத்து அம்மா.

பில் போடும் பெண் கண்ணாடிக் குச்சியால் இரண்டு கையிலும் பொட்டு வைத்தாள். எதிரெதிராக இரண்டு நாற்காலி. நூலகத்து அம்மா பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டாள். எட்டுமணி அக்காவுக்குப் பொட்டு வைத்த இடம் கொதித்தது. எழுந்திருக்க முடியாது. குப்பி துடைக்க முடியாது. கால் மட்டும் மேஜைக்கு அடியில் தானாக ஆடியது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்றாள், பில் போடும் பெண் டம்ளரைக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அரை மணி போனது. முக்கால் மணி போனது. அவளுக்குத் தன் கையை மோந்து பார்க்கத் தேவையே இல்லை, தெரிந்துவிட்டது. ஒரு மணி ஆனபோது முதலாளி தலையசைக்க, நூலகத்து அம்மா தன் கையை மோந்து பார்த்தாள், பிறகு குனிந்து எட்டுமணி அக்காவின் கையை மோந்தாள்.

"எங்கிட்டயாவது லேசா இருக்குங்க," என்றாள். "இவங்ககிட்ட சுத்தமா இல்ல."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. தங்கை, காலை ஆறு மணி, பாத்திரம், கூட்டி எழுதினது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. "என் கை போயிடுச்சுங்க," என்றாள் கடைசியில். "வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

முதலாளி நோட்டை மூடினார். பிறகு நூலகத்து அம்மாவின் கையையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்ம கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு இந்த அம்மா வயசுதான். சீக்கிரம் போயிடுதுன்னு எத்தனையோ பேரு சொல்லியிருக்காங்க, உங்க தோலு அப்படின்னு அனுப்பிட்டோம். இந்த மாதிரி கையில அஞ்சு மணி நேரம் நின்னா, யாரு கையிலயும் அஞ்சு மணி நேரம் நிக்கும். லேபிள்ல தைரியமா போடலாம்." அவர் குரல் உயரவில்லை. "எனக்கு வேண்டியிருந்த கை இதுதாம்மா. ஆறு மாசமா அத ஒளிச்சு வச்சிட்டு எதிர்லயே உக்காந்திருந்திருக்க."

அவளுக்கு நிம்மதியில் சிரிப்பே வந்துவிடும்போல் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நாளைக்கு ஒண்ணாம் நம்பர்ல இருந்து மறுபடி பாத்து எழுதிடறேங்க," என்று நோட்டுக்குக் கை நீட்டினாள்.

முதலாளி நோட்டைக் கொடுக்கவில்லை.

"நீ வா. கை நீதான்," என்றார். "எழுதறத மட்டும் இனிமே வேற யாராவது எழுதட்டும்."

மறுநாள் காலை ஒன்பதுக்கு எட்டுக் குப்பிகள், எட்டுப் பொட்டுகள். தன் கை, தன் தோல், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அவளுக்கு நாற்காலியில் நிலைகொள்ளவில்லை. ஒரு மணி கழித்துப் பழக்கத்தில் கையை முகத்தருகே கொண்டுபோய், மூன்றாம் எண் போய்விட்டது, ஆறாம் எண் நிற்கிறது என்று வாய் திறக்கப் போனாள். அதற்குள் பில் போடும் பெண் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள். பதினாலு வருஷம் அந்த நோட்டில் எழுதினவளின் முகத்தைப் பார்க்க அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாக இருந்தது. எட்டுமணி அக்கா கையை நீட்டினாள். அந்தப் பெண் குனிந்து ஒவ்வொரு பொட்டாக மோந்து, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிக்கொண்டு போனாள்.