அக்கா என்று பெயரிட்ட டிஸ்க்

மைதானத்தில் எல்லோருக்கும் அவள் சித்தி. உண்மையில் கோல் காக்கும் பெண் ஒருத்திக்குத்தான் சித்தி. அவள் கூப்பிடுவதைக் கேட்டு அணி முழுக்கப் பிடித்துக்கொண்டது. பிறகு நடுவர், தண்ணீர் கேன் போடுபவர், கேட்டைப் பூட்டும் காவலாளி வரைக்கும் தொற்றிவிட்டது. தன்னைவிட மூத்தவர்கள் "சித்தி, ஒரு நிமிஷம்" என்று வந்து நிற்கும்போது மட்டும் அவளுக்குச் சுருக்கென்று இருக்கும்.

மற்ற நாட்களில் அவளுக்குச் செல்போன் ரிப்பேர் கடை. ஆட்டம் என்றால் கடைக்குப் பூட்டு. கேலரிக்கு மேலே உள்ள சின்ன அறையில் ஒரு கேமராவையும் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் வைத்து, ஆட்டத்தைப் பதிவு செய்துகொண்டு ராஜ்ஜியம் நடத்துவாள். யாரோ வேண்டாம் என்று கழித்துக்கட்டியது அந்தக் கம்ப்யூட்டர். ஐகான், மௌஸ் என்று ஜாலம் பண்ண அதற்குத் தெம்பில்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் மட்டும் வேலை செய்யும். "எங்க குடும்பத்துலயே சொன்ன பேச்சைக் கேக்கறது இது ஒண்ணுதான்" என்று அவள் அதை மெச்சிக்கொள்வாள்.

பதிவுகளைச் சேமிக்கப் புது டிஸ்க் வந்தால் அதில் கோப்பு முறைமை ஒன்றை உருவாக்கிய பிறகுதான் எதையும் பதிய முடியும். சித்தி அதைக் "கோடு போடறது" என்பாள். ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதைப் போல. ஆனால் ஏற்கெனவே பதிவுகள் உள்ள டிஸ்கில் தெரியாமல் மறுபடி கோடு போட்டால் எல்லாம் அதோகதிதான்.

கோடு போடும்போதே டிஸ்குக்கு ஒரு பெயரும் வைக்கலாம். ஒன்று, இரண்டு என்று எண் போட அவளுக்கு மனம் வராது. சொந்தக்காரர்களை வரிசையாக இறக்கிவிட்டாள். 'மாமா' என்ற டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டே செத்துப்போனது. "என்னைத்தான் குத்திக் காட்டறே" என்று அக்காவின் கணவர் இன்றைக்கும் குறைபட்டுக்கொள்வார். அக்காவுக்கோ ஒரு டிஸ்குக்கு 'அக்கா' என்று வைத்ததே பிடிக்கவில்லை.

"ஊர்ல பேரே இல்லையாடி? அந்த டப்பாவுக்கு என்னை ஏன் வைக்கறே?"

"நீயும் எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கிட்டு சொல்லிக்காட்டுவே. அதுவும் அப்படித்தான்க்கா."

இறுதி ஆட்டம் வந்தது. கோல் காக்கும் அக்கா மகளை எல்லோரும் பூனை என்பார்கள், அப்படிப் பாய்வாள். அவள் ஆடிய இந்தப் பருவத்து ஆட்டங்கள் மொத்தமும் 'அக்கா' டிஸ்கில் நிரம்பிக் கிடந்தன. வேறு பிரதி கிடையாது. மாநில முகாமுக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர் அம்மா ஆட்டம் முடிந்ததும் மேலே வந்து, அந்தப் பதிவுகளையும் இன்றைய ஆட்டத்தையும் வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். பதிவு கையில் இல்லாதவர்களை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இன்றைய ஆட்டத்துக்கென்று அச்சாக அதே அளவில் ஒரு புது டிஸ்க் வாங்கியிருந்தாள். இரண்டையும் சொருகி, கம்ப்யூட்டர் எதை எந்த எழுத்தால் கூப்பிடுகிறது என்று பார்த்துக்கொண்டாள். புதியது பி. பழையது சி. பிறகு கேமராவைச் சரிபார்க்கப் பால்கனிக்கு ஓடினாள்.

அந்த இடைவெளியில்தான், ஆட்டம் பார்க்க அறைக்கு வந்திருந்த மாமா, அக்காவின் கணவர், தன் கைவரிசையைக் காட்டினார். மகள் ஆடுவது நன்றாகத் தெரியட்டும் என்று மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்தார். இரண்டு கேபிளும் கழன்று விழுந்தன. சமர்த்தாகத் திரும்பச் சொருகிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளைபோல் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்தார். எது முதலில் நுழைகிறதோ அதற்குத்தான் முந்தைய எழுத்து என்பது அவருக்கு எங்கே தெரியும்!

சித்தி திரும்பி வந்தபோது அணிகள் மைதானத்தில் இறங்கிவிட்டன. கேலரி அதிர்ந்தது. கீழே முதல் வரிசையில் அக்கா, தொண்டை கிழிய, "பூனே! பூனே!" என்று கத்திக்கொண்டிருந்தாள். சித்திக்குக் கை பரபரத்தது. உட்காரக்கூட இல்லை. புது டிஸ்குக்குப் 'பூனை' என்று பெயர் கொடுத்து, கோடு போடும் கட்டளையைத் தட்டி, கடைசியில் பி என்று முடித்து, என்டரை அழுத்தினாள்.

திரை ஒரு கேள்வி கேட்டது. எப்போதும் கேட்பதுதான். கடையிலிருந்து வரும் டிஸ்கிலும் கம்பெனிக்காரன் ஏதாவது போட்டு வைத்திருப்பான், 'ஏற்கெனவே ஏதோ இருக்கிறதே, தொடரவா' என்று கேட்கும், இவள் 'ஆம்' என்பதற்கு 'ஒய்' எழுத்தைத் தட்டுவாள். அந்தக் கேள்வியை அவள் முழுதாகப் படித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போதும் விரல் தன்பாட்டுக்கு ஒய்யைத் தட்டிவிட்டது. என்டர் மட்டும்தான் பாக்கி.

ஆட்டம் தொடங்கும் விசில் ஒலித்தது. "விடாதேடீ!" என்று அக்காவின் குரல் ஜன்னல் வழியாக வந்து விழுந்தது. அதே நேரம் திரையில், கேள்விக்கு நடுவில், அந்தப் பெயர் கண்ணில் பட்டது.

'அக்கா'.

சித்தி சூடு பட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு ஒற்றை விரலால் அந்த ஒய்யை மெதுவாக அழித்து, 'வேண்டாம்' என்பதற்கான 'என்' எழுத்தைத் தட்டி, என்டரை அழுத்தினாள். கட்டளை பேசாமல் விலகிக்கொண்டது.

"மாமா! இந்தக் கேபிளை யாராவது தொட்டாங்களா?"

"லேசாக் கழண்டுச்சு. நான்தான் மாட்டிட்டேன்ல? வேணும்னா பாரு, கெட்டியாத்தான் இருக்கு."

"கெட்டியாத்தான் இருக்கு மாமா. இனிமே அசையாம உக்காருங்க, புண்ணியமாப் போகும்."

திட்டக்கூட நேரமில்லை. மறுபடி எழுத்துகளைப் பார்த்தாள். பெயரில்லாமல் நின்ற புது டிஸ்க் இப்போது சி. கட்டளையைத் திரும்பத் தட்டினாள். திரை அதே கேள்வியைக் கேட்டது. இந்த முறை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் போல ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டு ஒய் சொன்னாள். வரிகள் ஓடின, முடிந்தது என்று வந்தது. டிஸ்கை இணைத்துக் கேமராவைத் திறந்துவிட்டாள். பதிவின் சிவப்புப் புள்ளி எரிந்ததுதான் தாமதம், எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. பூனை இடப்பக்கம் பாய்ந்து பந்தை விரல் நுனியால் தட்டிவிட்டாள். பாய்ச்சல் முழுதும் டிஸ்கில் ஏறியது. சித்தி மேஜையைக் குத்தினாள், மாமா வேர்க்கடலையை வாரி இறைத்தார். அந்த மாதிரிச் சந்தோஷத்தை அந்த அறை அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்து தேர்வாளர் அம்மா மேலே வந்தார். பெனால்டியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பழைய பதிவுகளையும் புரட்டினார். பிரதி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "பொண்ணை அடுத்த வாரம் முகாமுக்கு அனுப்பி வைங்க" என்றார்.

அவர் பின்னாலேயே மேலே ஏறி வந்திருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சித்தி ஓடிப்போய் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு அவளைக் காப்பாத்தினது நீதான்க்கா."

"நானா? நான் கீழ நின்னு கத்தினேன், வேற என்ன பண்ணேன்?"

"உன் பேரோட குறுக்க வந்து நின்னியே, அது போதும்."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். மாமா மும்முரமாகத் தரையில் சிதறிய கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.